தம்பியின் கடனை அடைத்துவிட்டேன். அவனை மன்னிக்கத்தான் முடியவில்லை

கேள்வி: மூத்தவள்

நெடுநாளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்து மட்டும் வந்தேன். இன்று நானே கேட்க வேண்டியதாயிற்று. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, தொழில் தொடங்குவதற்காக என் தம்பி வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இரண்டு ஆண்டுகளில் தொழில் நொடித்தது, தவணை நின்றது, அவனுடைய தொலைபேசி எண்ணும் மாறியது. அவன் இருக்கும் இடம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கடன் கொடுத்தவர்கள் என்னிடம் வந்தார்கள். அதன்பின் ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் என் சம்பளத்திலிருந்து அசலும் வட்டியுமாகக் கட்டி, மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கையில் வாங்கினேன். பணம் போனது வலிதான். அதைவிட வலித்தது வேறொன்று. "அக்காவும் அந்தத் தொழிலில் பங்காளிதான், இலாபம் வந்தபோது வாங்கிக்கொண்டவள்தான்" என்று அவன் உறவினர்களிடம் சொல்லியிருக்கிறான். அதில் ஓர் எழுத்துக்கூட உண்மை இல்லை. ஆனாலும் அதை நம்பியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பழசையெல்லாம் மறந்துவிடுவோம் அக்கா. நாம் கர்த்தருடைய பிள்ளைகள் அல்லவா? வீட்டுக்கு வரட்டுமா?" கடனைப் பற்றி ஒரு சொல் இல்லை, அந்தப் பொய்யைப் பற்றியும் இல்லை. ஒன்பது ஆண்டுகளை ஒரே "பழசு" என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டான்.

சபையில் எனக்கு நெருக்கமான இருவரிடம் இதைச் சொன்னேன். "அவனே இறங்கி வந்துவிட்டான், கிறிஸ்தவளாகிய நீ மன்னிக்காமல் இருக்கலாமா?" என்று இருவருமே கேட்டார்கள். மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் செய்தி தொலைபேசித் திரையில் வந்த அன்று என் கை நடுங்கியது. இரவு முழுவதும் மனத்துக்குள் அவனோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது எனக்கு நாக்கு எழுவதில்லை. மற்றவர்களுக்கு அங்கே வரும் கடன் ஓர் உவமையாக இருக்கலாம். எனக்கு அது தவணைப் புத்தகம்.

என் ஐயங்கள் இவைதாம். அவன் தன் தவற்றை ஒப்புக்கொள்ளாத நிலையிலும் நான் மன்னித்தே ஆக வேண்டுமா? மன்னித்தால் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளவும் வேண்டுமா? இந்த மனத்தோடு திருவிருந்தில் பங்கெடுக்கலாமா? கடந்த இரண்டு முறையும் எழுந்து போகாமல் இருக்கையிலேயே இருந்துவிட்டேன்.


பதில்: ஓய்வுபெற்ற போதகர்

அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கர்த்தருடைய ஜெபத்தில் அந்த இடத்தில் நாக்கு எழாமல் போவது அவிசுவாசம் அல்ல. அந்த வார்த்தையின் கனத்தை அறிந்தவர்களுக்கே அது நேரும். மத்தேயு எழுதிய மூலத்தில் அங்கே இருப்பது கடன் என்ற சொல்லேதான். லூக்கா 11:4, முதற்பாதியில் "பாவங்களை" என்று சொன்னாலும், பிற்பாதியில் "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும் மன்னிக்கிறோமே" என்று கடனுக்கே திரும்புகிறது. மன்னிப்பைப் பற்றிப் பேச இயேசு தேர்ந்துகொண்ட மொழி கணக்குப் புத்தகத்தின் மொழி. எனவே உங்கள் தவணைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜெபிக்க வேண்டியதில்லை. அதைத் திறந்து வைத்தே ஜெபிக்கலாம்.

மத்தேயு 18-இல் உள்ள இரக்கமற்ற ஊழியக்காரனின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். தன் பெருங்கடனை ராஜா தள்ளுபடி செய்தும், உடன்வேலைக்காரனின் சிறு கடனை மன்னிக்காதவனின் கதை அது. அங்கே ராஜா செய்யும் முதல் வேலை மன்னிப்பது அல்ல, "கணக்குப்பார்க்க" உட்காருகிறான். பதினாயிரம் தாலந்து என்று தொகை வாய்விட்டுச் சொல்லப்பட்ட பிறகே தள்ளுபடி வருகிறது. தொகை தெரியாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. நடந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் "பழசு" என்று மூடுவதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை, மறைப்பு என்றுதான் பெயர். நான் ஊழியத்தில் இருந்த காலத்தில் குடும்பங்களைச் சமாதானப்படுத்துகிறேன் என்று எண்ணிக்கொண்டு இந்த மறைப்பையே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்த உவமையின் இன்னொரு தொகையையும் கவனியுங்கள். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ஊழியக்காரன் ராஜாவுக்குக் கொடுக்க வேண்டியது ஆறு கோடி நாள் கூலி. உடன்வேலைக்காரன் அவனுக்குக் கொடுக்க வேண்டியது நூறு நாள் கூலி. இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டி, "உனக்கு இழைக்கப்பட்டது ஒன்றுமே இல்லை" என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. ஆனால் நூறு நாள் கூலி ஒன்றுமில்லாதது அல்லவே! மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. இயேசு அதைப் பத்துக் காசு என்று சொல்லவில்லை. அது உண்மையான இழப்பு என்பதை ஒப்புக்கொண்டுதான், அதைவிடப் பெரிய ஒன்றிலிருந்து நீ விடுவிக்கப்பட்டாய் என்கிறார். அந்த நினைவு உங்களுக்குள் எழுந்து உங்களை இளக்கலாம். கடன்பட்டவர் அதை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. "நாம் கர்த்தருடைய பிள்ளைகள் அல்லவா" என்று உங்கள் தம்பி எழுதியதில் எனக்கு உறுத்துவது இதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. வேதத்தில் இரண்டு கட்டளைகள் அருகருகே நிற்கின்றன. மாற்கு 11:25, நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் குறை உண்டாயிருக்குமானால் மன்னியுங்கள் என்கிறது. அங்கே அவன் வந்து கேட்டானா என்ற நிபந்தனை இல்லை. லூக்கா 17:3, "உன் சகோதரன் உனக்குக் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறது, அங்கே நிபந்தனை உண்டு. இவை ஒன்றோடொன்று மோதுவதாக நான் நினைக்கவில்லை. முதலாவது உங்களுக்கும் தேவனுக்கும் இடையில் நடப்பது: பழிவாங்கும் உரிமையை அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள், அவன் கெட்டுப்போக வேண்டும் என்ற விருப்பத்தை விடுகிறீர்கள். அதற்கு உங்கள் தம்பியின் ஒத்துழைப்பு தேவையில்லை. தேவைப்பட்டால் உங்கள் விடுதலை அவன் கையில் அல்லவா இருந்துவிடும்? இரண்டாவது உங்களுக்கும் அவனுக்கும் இடையில் நடப்பது. அதற்கு இருவர் வேண்டும், உண்மையும் வேண்டும். நம்முடைய வேதத்தில் அதற்கு ஒப்புரவாகுதல் என்ற நல்ல சொல் இருக்கிறது. மன்னிப்பை நீங்கள் ஒருவராகச் செய்யலாம். ஒப்புரவை ஒருவராகச் செய்ய முடியாது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-இல் பவுல் இரண்டு வரம்புகளை வைத்துத்தான் சமாதானமாயிருக்கச் சொல்கிறார்.

திருவிருந்தைப் பற்றி: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-ஐ நினைத்துத்தான் நீங்கள் எழுந்து போகாமல் இருந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். மறுபடி வாசித்துப் பாருங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவுண்டென்று" நினைவுகூருகிறவனுக்குச் சொல்லப்பட்டது அது. அதாவது தீங்கு செய்தவனுக்கு. அந்த வசனம் இருக்கையிலிருந்து எழுப்பி அனுப்புவது உங்கள் தம்பியை. நீங்களோ அவனுக்குப் பதிலாக உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்தக் கடனை அவனுக்குப் பதிலாகக் கட்டியதுபோலவே.


பதில்: எளிய விசுவாசி

ஐயா அவர்களுக்கு மரியாதையோடு மாறுபடுகிறேன். இவ்வளவு நுணுக்கம் தேவையா? "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று கர்த்தர் எரேமியா 31:34-இல் சொல்லியிருக்கிறார். மன்னிப்பு என்றால் மறப்பதும்தான். சிலுவையில் ஆண்டவர், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டியபோது கீழே நின்றவர்களில் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? யாரிடம் அவர் கணக்குப் பார்த்தார்? தம்பி வருகிறேன் என்கிறார். கதவைத் திறந்துவிடுங்கள் சகோதரி. பேச வேண்டியதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். காலம் கடந்துபோனால் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போகலாம். என் தந்தையோடு அப்படி ஆயிற்று; அதனால்தான் சொல்கிறேன்.


பதில்: மறைக்கல்வி ஆசிரியை

எளிய விசுவாசி அவர்களின் கடைசி வரியில் உள்ள துயரத்தை மதிக்கிறேன். காலம் தாழ்த்தக் கூடாது என்பதும் சரியே. ஆனால் மறதியைப் பற்றி அவர் சொன்னதை ஏற்க என்னால் இயலவில்லை.

தொடக்கநூலில், சகோதரர்களால் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு தம் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிடுகிறார். என் துன்பத்தையும் என் தந்தையின் வீட்டையும் கடவுள் மறக்கச் செய்தார் என்பது அந்தப் பெயருக்கு அவர் சொன்ன விளக்கம். மறந்துவிட்டேன் என்பதை மகனைக் கூப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்றபோது, அப்பால் ஒதுங்கிப்போய் அழுதார். அவர் விற்கப்பட்டபோது வயது 17. எகிப்தின் மன்னன் பார்வோன் முன் நின்றபோது 30. வளமான ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் சென்றபின் தம்மை வெளிப்படுத்தியபோது ஏறத்தாழ 39. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் அழுகை வந்தது. மூத்தவள் அவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கை நடுங்கியதில் வியப்பென்ன?

அவர் உடனே கட்டித் தழுவவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தம்மை மறைத்துக்கொண்டு அவர்களைச் சோதித்தார். இளையவன் பென்யமினை அடிமையாக விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் தப்பிப்போகும் ஒரு வாய்ப்பை, முன்பு அவர்கள் பயன்படுத்திக்கொண்ட அதே வாய்ப்பை, மறுபடி அவர்கள் முன் வைத்தார். யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன யூதாவே இப்போது முன்வந்து, பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியாமற்போயிற்று. பழிவாங்க அவருக்கு அதிகாரம் இருந்தது, செய்யவில்லை, அது மன்னிப்பு. உறவைத் திறப்பதற்கு முன் மனமாற்றம் உண்மைதானா என்று பார்த்தார். அதை யாரும் மன்னிக்காத மனம் என்று சொல்வதில்லை.

பல ஆண்டுகள் கற்பித்த பிறகே நான் கவனித்த இன்னொன்றும் அந்தக் கதையில் உண்டு. சகோதரர்கள் தங்கள் குற்றத்தைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யோசேப்பிடம் நேரே சொல்லவே இல்லை. அவர் அழுதார், தழுவினார், குடியமர்த்தினார், உணவளித்தார். தந்தை யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்தபின், அந்தச் சகோதரர்கள் என்ன செய்தார்கள்? இனி இவன் நம்மைப் பழிவாங்குவான் என்று அஞ்சி, "மன்னித்துவிடு என்று தந்தை சொல்லியிருக்கிறார்" என ஆள் அனுப்பினார்கள். தந்தை அப்படிச் சொன்னதாக நூலில் வேறெங்கும் இல்லை. பதினேழு ஆண்டுகள் ஒரே நாட்டில், அவர் கொடுத்த உணவை உண்டு வாழ்ந்தும் அவர்களால் அந்த மன்னிப்பை நம்ப முடியவில்லை. சொல்லப்படாத குற்றம், மன்னிக்கப்பட்ட பிறகும் செய்தவர்களின் உள்ளத்தில் கிடந்து அவர்களையே அரித்திருக்கிறது. "பழசை மறந்துவிடுவோம்" என்பதை ஏற்றுக்கொண்டால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமல்ல, உங்கள் தம்பியும்தான்.

இயேசு யாரிடம் கணக்குப் பார்த்தார் என்ற கேள்விக்கு: பேதுருவிடம். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில், இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மும்முறை மறுதலித்த இடம். மற்றொன்று, உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மூட்டி வைத்திருந்தது. அதே நெருப்பின் அருகே, மும்முறை, "என்மீது அன்பு உண்டா?" என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றார் என்று நூல் சொல்கிறது. அவரைத் துயரப்படுத்தாமலேயே ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தக் காயத்தைத் தொடாமல் அவரிடம் ஆடுகளை ஒப்படைக்க ஆண்டவர் விரும்பவில்லை.

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் ஒப்புரவு அருளடையாளத்தில் மனம் வருந்துதல், பாவத்தை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் என்று மூன்றும் உண்டு. பாவமன்னிப்புப் பெற்றவர், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்த நற்பெயரைச் சரிசெய்யவும் தம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்றே கற்பிக்கிறோம். வரிதண்டுபவராக இருந்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றாரே. உங்கள் தம்பி பணத்தைத் திருப்பித் தர இயலாதவராக இருக்கலாம்; ஆனால் உறவினர்களிடம் சொன்ன பொய்யைத் திரும்பப் பெறுவதற்கு அவருக்கு ஒரு காசும் செலவாகாது.

மன்னிப்பு வேறு, விளைவு வேறு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1981 மே 13 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுடப்பட்டார். நான்கே நாள்களில், மருத்துவமனையிலிருந்தே, சுட்டவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று சிறைக்குச் சென்று அந்த மனிதரின் அருகில் அமர்ந்து பேசினார். ஆயினும் அம்மனிதர் 2000-ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். அந்த மன்னிப்பு பொய் என்று யாராவது சொன்னார்களா?


பதில்: திரும்பி வந்தவன்

அக்கா என்றே அழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதியவர்கள் எல்லாரும் உங்கள் பக்கத்தில் நின்று எழுதுகிறார்கள். நான் உங்கள் தம்பியின் பக்கத்தில் நின்றவன். என் அண்ணன் என்னை நம்பி ஒப்படைத்த பணத்தை நான் கையாடினேன். எங்கே போயிற்று என்பதை எழுத இப்போதும் கூசுகிறது. நான்கு ஆண்டுகள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு, உங்கள் தம்பி எழுதியதைப் போன்ற ஒரு செய்தியைத்தான் நானும் எழுதினேன். சொற்கள்கூட ஏறக்குறைய அவையே.

அப்படி எழுதுகிறவனின் மனத்தில் என்ன இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன். என்னைப் பொறுத்தவரை அது முழுக்க வஞ்சகம் அல்ல, முழுக்க மனந்திரும்புதலும் அல்ல. அண்ணன் வேண்டும் என்ற ஏக்கம் உண்மையானது. ஆனால் அவர் முன் நின்று நான் செய்ததை என் காதால் கேட்கும் அந்த ஐந்து நிமிடத்தை எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்ற அச்சம் அந்த ஏக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. "பழசு" என்பது அச்சத்தில் பிறக்கும் சொல். கர்த்தருடைய பெயரைக் கூடச் சேர்த்துக்கொண்டதற்கும் காரணம் அதுதான். அவர் பெயரைச் சொன்னால் அண்ணனால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால், பணத்தை எடுத்ததைவிட அதுவே பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் ஒரு வரிதான் பதில் எழுதினார். "வா. ஆனால் நடந்தது என்ன என்பதை உன் வாயால் சொல்வதற்காக வா." எனக்குக் கோபம் வந்தது. இவர் என்ன கிறிஸ்தவர் என்றுகூட மனைவியிடம் சொன்னேன். எட்டு மாதங்கள் போகவில்லை. அந்த எட்டு மாதங்களில் லூக்கா 15-ஐ எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. கெட்டுப்போன குமாரன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்த் தழுவிக்கொள்கிறார், அதுதான் எல்லாருக்கும் பிடித்த இடம். ஆனால் தழுவிக்கொண்ட பிறகும் அந்த மகன் தான் ஆயத்தம் செய்துவந்த வாக்கியத்தைச் சொல்கிறான்: "தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும், உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்." மன்னிப்பு கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று அவன் விழுங்கிவிடவில்லை. அவன் சொன்னதில் "ஆனால்" என்ற சொல்லும் இல்லை. நான் எழுதிப் பார்த்த ஒவ்வொரு மன்னிப்புக் கடிதத்திலும் இரண்டு "ஆனால்" இருந்தன. அவற்றை அடிப்பதற்கே எனக்கு எட்டு மாதங்கள் ஆயின.

போனேன், சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தொகையை நான் குறைத்துச் சொன்னபோது திருத்தினார், அவ்வளவுதான் பேசினார். அதன்பின் மாதந்தோறும் என்னால் முடிந்த சிறு தொகையை அவருக்குக் கொடுத்து வருகிறேன். அவர் கேட்கவில்லை, கொடுத்தபோது மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் நான் அவர் முன் என்றைக்கும் குனிந்தே நின்றிருப்பேன். வாங்கிக்கொண்டதுதான் எனக்கு அவர் செய்த பேருதவி.

உங்கள் புனைபெயரைப் பார்த்ததும் அந்த உவமையின் மூத்த மகன் நினைவுக்கு வந்தான். தம்பி திரும்பியதற்கான விருந்துக்குள் வர மறுத்ததற்காகப் பிரசங்கங்களில் அவனைத் திட்டுவது வழக்கம். ஆனால் தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வந்தார், வருந்தி அழைத்தார், "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்றார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. மூத்தவர்களை அவசரப்படுத்த அவருக்கும் மனம் வரவில்லை போலும்.


பதில்: ஆற்றுப்படுத்துநர்

உடல் நடுக்கத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். மன்னிப்பை ஆராய்ந்த கிறிஸ்தவ உளவியலாளர் எவரெட் வர்திங்டன், தீர்மானத்தால் மன்னிப்பது, உணர்வால் மன்னிப்பது என்று இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். பழிவாங்க மாட்டேன், அவரை மதிப்புள்ள மனிதராகவே நடத்துவேன் என்பது தீர்மானம்; அதை ஒரு நாளில் எடுக்கலாம். கசப்பு இரக்கமாக மாறுவது உணர்வு. அது தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும். இவர் ஏட்டறிவால் மட்டும் பேசியவர் அல்லர். மன்னிப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நாள்களிலேயே, 1995-ஆம் ஆண்டின் கடைசி இரவில், வீடு புகுந்து திருட வந்தவனால் அவருடைய தாயார் கொல்லப்பட்டார்.

கோரி டென் பூம் அவர்களை இங்கே பலர் அறிந்திருப்பீர்கள். யூதர்களை வீட்டில் ஒளித்துக் காத்ததற்காக நாட்சிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, அங்கேயே தம் அக்காவை இழந்தவர். 1947-இல் மியூனிக் நகரில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அந்த முகாமில் காவலராக இருந்த ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினார். மன்னிப்பைப் போதித்த அந்தப் பெண்மணியின் கை எழவில்லை. உதவி கேட்டு மனத்துக்குள் ஜெபித்த பின்பே, உணர்வு ஏதும் இல்லாமல், கையை நீட்டினார். உணர்வு அதன்பின் வந்தது. ஆகவே சகோதரி, நடுங்கும் கை உங்கள் தீர்மானத்தைப் பொய்யாக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். அடி, உதை, பாலியல் கொடுமை நடந்த உறவுகளுக்கு இந்த இழையில் உள்ள "வா, பேசுவோம்" என்பதை அப்படியே பொருத்திவிடாதீர்கள். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பகைத்துப் பிரிந்த சகோதரர்களான ஏசாவும் யாக்கோபும் தழுவி அழுத பின்னரும் ஒருவர் சேயீருக்கும் மற்றவர் சுக்கோத்துக்கும் தனித்தனியேதான் போனார்கள். தந்தையை அடக்கம் செய்ய மட்டும் சேர்ந்து நின்றார்கள். அதுவும் ஒப்புரவின் ஒரு வடிவமே.


மறுமொழி: மூத்தவள்

அனைவருக்கும் நன்றி. எளிய விசுவாசி அவர்களுக்கும்தான். உங்கள் தந்தையைப் பற்றிய அந்த வரி இல்லையென்றால் நான் இன்னும் ஓர் ஆண்டு யோசித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

கணக்குப் பார்ப்பதைப் பற்றிப் போதகர் ஐயா எழுதியதைப் படித்த அன்று, நடந்ததையெல்லாம் முதன்முறையாகத் தாளில் எழுதினேன். நான்கு பக்கங்கள் வந்தன. வியப்பு என்னவென்றால், ஆறு ஆண்டுகள் கட்டிய தொகை ஒரே வரியில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்கள் எல்லாம் அந்தப் பொய்யும், அம்மா எனக்குத் தெரியாமல் அவனோடு பேசிவந்ததும்தான். அம்மாவின் மீதும் எனக்குக் கோபம் இருந்தது என்பதே எழுதும்போதுதான் தெரிந்தது. அது இன்னொரு கணக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று அந்தத் தாளின் அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன். ஜாமீன் பத்திரத்தில் போட்ட அதே கையெழுத்து. பொய்யைப் பொறுத்தவரை அப்படி எழுத வரவில்லை. உறவினர்களிடம் அவனே திருத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்பேன். மத்தேயு 18:15-இல் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று இருப்பதால், முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், நாம் இருவர் மட்டும் வெளியில் எங்காவது அமர்ந்து பேசலாம் என்று நேற்று அவனுக்கு எழுதினேன். எட்டு முறை அழித்து எழுதிய பிறகு அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எழுந்து போனேன்.

திரும்பி வந்தவன் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் அண்ணன் அந்த ஒரு வரியை எழுதியதற்கும் நீங்கள் போனதற்கும் இடையில் எட்டு மாதங்கள் என்றீர்கள். அந்த எட்டு மாதங்களில் அவர் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதினாரா, பேசாமல் இருந்துவிட்டாரா?


பதில்: திரும்பி வந்தவன்

என் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினார், அக்கா. எப்போது வருகிறாய் என்று அதில் கேட்கவில்லை.